தோட்டத்தில் மண், சட்டையில் ஊத்தை

யாழ்ப்பாணத்தில் உரும்பிராய், கோப்பாய் பக்கத்துச் செம்பாட்டு மண்ணில், அதாவது அங்கத்தைச் சிவப்பு மண்ணில், ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்வோம். வெங்காயப் பாத்தியில் கிடக்கும்வரை அதற்கு இருக்கும் மதிப்பே தனி. காணி விற்கிறவர் "நல்ல செம்பாட்டுத் தறை" என்று சொல்லித்தான் விலை பேசவே தொடங்குவார். அதே மண் வேட்டிக் கரையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் ஊத்தை. விறாந்தையில் கொட்டுண்டால் குப்பை. சோளகக் காற்றில் கிளம்பினால் புழுதி. பொருள் மாறவில்லை, இடம்தான் மாறியது என்று சொல்வார்கள். அது பாதி சரி. மீதிப் பாதியைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்: தோட்டத்திலிருந்து வேட்டிக்கு வரும் வழியில் அந்த மண் உண்மையாகவே ஒன்றை இழந்துவிடுகிறது. எதை இழக்கிறது என்று விளங்கினால், மண் என்றால் என்ன என்பதும் விளங்கிவிடும்.

முதலில் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பயிருக்கு ஏற்ற மண்ணைப் பற்றிப் பாடநூல்கள் தரும் பொதுவான கணக்கு இது: கன அளவில் கனிமத் துணிக்கைகள் ஏறத்தாழ 45 வீதம், உயிர்களிலிருந்து வந்த சேதனப் பொருட்கள் 5 வீதம், மீதி 50 வீதமும் இடைவெளி. அந்த இடைவெளியைத் தண்ணீரும் காற்றும் பங்குபோட்டுக்கொள்கின்றன. மாரியில் தண்ணீரின் பங்கு கூடும், கோடையில் காற்றின் பங்கு கூடும். புதிதாகப் படிக்க வருகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் திகைப்பார்கள். காலுக்குக் கீழே இறுக்கமாகத் தெரிகிற நிலத்தில் பாதி வெறும் இடைவெளி! ஆனால் அது இல்லாவிட்டால் வேர் மூச்செடுக்க முடியாது, மழை கீழே இறங்க முடியாது, மண்புழு நகர முடியாது.

கனிமத் துணிக்கைகளைப் பருமனை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள். 2 மில்லிமீற்றருக்கும் 0.05 மில்லிமீற்றருக்கும் இடைப்பட்டது மணல். 0.05-க்கும் 0.002-க்கும் இடைப்பட்டது வண்டல். 0.002 மில்லிமீற்றரையும் விடச் சிறியது களி. மணலைக் கண்ணால் பார்க்கலாம், விரலிடையில் நெருநெருவென்று தெரியும். வண்டல் காய்ந்தால் மா மாதிரி இருக்கும். களியின் தனித் துணிக்கையைச் சாதாரண நுணுக்குக்காட்டியிலும் பார்ப்பது கடினம். ஆனால் நனைந்தால் விரலைப் பிடித்துக்கொள்ளும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்குக்கு மண் போட்டு, மிகுதிக்குத் தண்ணீர் விட்டு, நன்றாகக் குலுக்கி வைத்துவிடுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும். வண்டல் சில மணித்தியாலங்களில் அதற்கு மேலே வந்து சேரும். களி நாட்கணக்கில் கலங்கலாகவே நிற்கும். அடுக்குகளின் உயரத்தை அளந்தால் உங்கள் காணி மண்ணில் எது எவ்வளவு என்று தோராயமாகத் தெரிந்துவிடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் இதைச் செய்தால் கணக்குப் பிசகும். சுண்ணக்கல்லுக்குள் ஊறிவரும் தண்ணீரில் கல்சியம் அதிகம். அது களித் துணிக்கைகளைக் கூட்டங்கூட்டமாகச் சேர்த்துக் கெதியாக அடியில் இறக்கிவிடும். ஆகவே பிடித்துவைத்த மழைத்தண்ணீரில், ஒரு சிட்டிகை சலவைத்தூளும் போட்டுச் செய்வது நல்லது. சலவைத்தூள் களியைப் பிரித்து வைக்கும்.

சரி, மணல், வண்டல், களி, கொஞ்சம் உக்கல் (உக்கிப்போன சேதனப் பொருள்), தண்ணீர், காற்று எல்லாவற்றையும் சரியான அளவில் ஒரு வாளியில் போட்டுக் கலந்தால் மண் கிடைத்துவிடுமா? கிடைக்காது. கல்லும் மரமும் ஓடும் குவிந்து கிடந்தால் அதை வீடு என்று சொல்லமாட்டோம் அல்லவா? மண்ணும் அப்படித்தான். அது பொருட்களின் குவியல் இல்லை, ஓர் அமைப்பு. களியும் உக்கலும் சேர்ந்து சின்னச் சின்னக் கட்டிகளாக ஒட்டியிருக்கும். அந்தக் கட்டிகளுக்குள்ளே நுண்ணிய துளைகள், கட்டிகளுக்கு இடையே பெரிய துளைகள். நுண்துளைகள் தண்ணீரைப் பிடித்துவைக்கும், பெரிய துளைகள் மிகுதியை வடியவிட்டுக் காற்றை உள்ளே எடுக்கும். இந்தக் கட்டிகளை ஒட்டவைக்கிற பசையின் பெரும்பகுதி உயிர்களிடமிருந்து வருகிறது: பற்றீரியா சுரக்கும் பசை, பங்கசுகளின் நூல், மண்புழுவின் எச்சம், வேர்நுனியில் கசியும் திரவம். வளமான மண்ணில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் அதில் 10 கோடியிலிருந்து 100 கோடி வரை பற்றீரியாக்கள் இருக்கும். முதல் மழைக்குக் கிளம்புகிற மண்வாசம்கூடப் பெருமளவுக்கு அவற்றில் ஒரு வகை உண்டாக்கும் பொருளின் வாசம்தான். மனித மூக்கு அதை மிக நுண்ணிய அளவிலும் கண்டுபிடித்துவிடும்.

மேலிருந்து கீழாகவும் ஓர் ஒழுங்கு உண்டு. புதுக் கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் வெட்டும்போதோ குழியின் பக்கச் சுவரைப் பாருங்கள். மேலே சற்றுக் கருமை கலந்த மேல்மண், அதன் கீழே நிறம் தெளிந்த கீழ்மண், அதற்கும் கீழே தாய்ப்பாறை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒரு பகுதியான வலிகாமத்தில் பல இடங்களில் அந்தப் பாறை எட்டிப் பிடிக்கிற ஆழத்திலேயே வந்துவிடும். வெள்ளைச் சுண்ணக்கல்லின் மேல் எப்படி இரத்தச் சிவப்பாய் மண் வந்தது என்பது நல்ல கேள்வி. குடாநாட்டின் அடிப்பாறை மயோசீன் காலத்தது. அதாவது ஏறத்தாழ 230 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் கடலடியில் படிந்தது. மழைநீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக இறங்கும். சுண்ணக்கல் அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். கரையாத மிச்சம் களியும் இரும்பும். அந்த இரும்பு ஒட்சிசனோடு சேர்ந்து சிவப்பாகும். சுண்ணக்கல் நாடுகளில் செம்மண் உண்டாவதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது. கரைந்து போன கல்லின் கதையைக் கீரிமலைக் கேணியும் புத்தூர் நிலாவரைக் கிணறும் வேறு விதமாகச் சொல்கின்றன. கல் கரைந்த வெற்றிடங்களும் அவற்றின் வழியே ஓடும் நீரும்தான் அவை இரண்டுமே.

இப்படி ஒரு சதமமீற்றர் மண் உண்டாக நூற்றாண்டுகள் ஆகும். சுண்ணக்கல்லின் மேல் இன்னும் மெதுவாகத்தான் நடக்கும், ஏனென்றால் கல்லில் பெரும்பங்கு கரைந்து தண்ணீரோடு போய்விடுகிறது. மண்ணைத் தூளாகிப்போன பாறை என்று பார்ப்பதை விட்டு, காலநிலையும் உயிர்களும் சேர்ந்து உருவாக்கிய தனிப் பொருளாகப் பார்க்க வேண்டும் என்று 1883-ல் ரஷ்ய அறிஞர் தொக்குச்சாயெவ் எழுதினார். 1941-ல் ஹான்ஸ் ஜென்னி அதை ஐந்து காரணிகளாக வகுத்தார்: தாய்ப்பாறை, காலநிலை, நிலத்தின் ஏற்றஇறக்கம், உயிர்கள், காலம். மண்ணியல் படிக்கிறவர்கள் இன்றும் இந்த ஐந்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அந்த ஐந்தும் இடத்துக்கிடம் மாறுவதால்தான் இந்தச் சின்னக் குடாநாட்டிலேயே இத்தனை வகை மண். வலிகாமத்தில் செம்பாடு. அதில் களி கணிசமாக இருந்தும் தண்ணீர் தேங்காமல் இறங்கிவிடும், காரணம் இரும்பு ஒட்சைட்டு களியைச் சிறு கட்டிகளாகப் பிடித்துவைத்திருக்கிறது. அதனால் வெங்காயம், புகையிலை, உருளைக்கிழங்கு எல்லாம் அங்கே. வழுக்கையாற்றுப் பக்கத்துத் தாழ்நிலங்களில் தண்ணீரைப் பிடிக்கும் மண், அங்கே நெல்லு. தென்மராட்சியில் மணல் கலந்த மண், தென்னையும் மாவும் பலாவும். கடல்நீரேரி ஓரத்தில் உவர்த் தரவை, மாடு மேய்வதோடு சரி. நெடுந்தீவில் மேல்மண் மிக மெல்லியது, தோண்டினால் கல்தான் வரும். அங்கே வேலிக்குப் பதில் கல்மதில்கள் நீண்டு கிடப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேடத் தேவையில்லை.

வடமராட்சி கிழக்கில் மணற்காட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே மணல் குன்று குன்றாகக் கிடக்கிறது, பழைய அந்தோனியார் தேவாலயத்தின் இடிபாடு மணலுக்குள் புதைந்து நிற்கிறது. அவ்வளவு மணல் இருந்தும் அதை நல்ல மண் என்று யாரும் சொல்லமாட்டார்கள். காற்று அடித்தால் நகர்ந்துவிடுகிற மேட்டில் கட்டிகள் இல்லை, அடுக்கு இல்லை, உக்கல் சேர நேரமும் இல்லை. சவுக்கு வேரூன்றி, அதன் இலை விழுந்து, மணல் அசையாமல் நின்ற இடங்களில்தான் மண் உண்டாகும் வேலை தொடங்குகிறது. இருக்கிற இடத்தில் நிலைத்து நிற்பது மண்ணாவதற்கு முதல் நிபந்தனை.

இனி வேட்டிக் கரைக்கு வருவோம். தோட்டத்தில் காலை வைக்கிறோம், ஈரக் கட்டி நசுங்குகிறது, அதிலிருந்து களி பிரிந்து நூலிடையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. துளை போயிற்று, அடுக்குப் போயிற்று, காய்ந்ததும் உயிர்களில் பெரும்பங்கும் போயிற்று. மிஞ்சியது இரும்பு பூசிய நுண்தூள் மட்டும். இதனால்தான் ஊத்தை என்பதை வெறும் பழிச்சொல்லாக நான் நினைக்கவில்லை. தன் அமைப்பை விட்டுப் பிரிந்து, வேறொன்றின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்ட துகள் என்பது அதற்குச் சரியான விவரணை. மண்ணுக்கு ஆழம் உண்டு. ஊத்தைக்கு மேற்பரப்பு மட்டும்தான்.

எங்கே இருந்தால் ஊத்தை என்பதில் மனிதர்களின் தீர்ப்பும் சேர்ந்துவிடுகிறது, அதை மறுக்க முடியாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீதியில் மணல் பரவியிருக்கும். விடியற்காலையில் பிரதட்டை பண்ணுகிறவர்கள் உடம்பெல்லாம் மணலோடு உருண்டு வருவார்கள், பெண்கள் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழித்து வருவார்கள். அந்த மணலை அங்கே எவரும் ஊத்தை என்று நினைப்பதில்லை. வீட்டுக்கு வந்தால் அதே மணலுக்குக் கிணற்றடியில்தான் இடம். முற்றத்து மணலை விளக்குமாற்றால் வரி விழக் கூட்டுவோம், அந்த முற்றத்திலிருந்து ஒரு பிடி உள்ளே வந்துவிட்டால் தும்புத்தடியை எடுப்போம். சாணகம் போட்டு மெழுகிய மண் தரை இருந்த வீடுகளில் தரையே மண்தான், அதையும் தினமும் கூட்டித்தான் வைத்தார்கள். இதில் முரண் எதுவும் இல்லை. ஒட்டி இறுகியது தரை, கிளம்பி அலைவது தூசி.

செம்பாட்டுக் கறை ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று தோய்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். மூன்று காரணம் சொல்லலாம். துணிக்கை மிகச் சிறியது, நூலின் இழைகளுக்கு நடுவே நுழைந்துவிடும். அவ்வளவு சிறிய துணிக்கைக்கு எடை மிகக் குறைவு, தொடுகிற பரப்பு மிக அதிகம், எனவே உதறினால் விழாது. மூன்றாவது, அதன் நிறம் இரும்பு ஒட்சைட்டு. அது தண்ணீரிலும் கரையாது, எண்ணெயும் இல்லை. சவர்க்காரம் எண்ணெய்ப் பிசுக்கைத் தூக்குவதில் கெட்டிக்காரன், இரும்பு ஒட்சைட்டில் அதற்கு அவ்வளவு வேலையில்லை. வெளுக்கிற திராவகங்களும் அப்படித்தான். அவை தாவர நிறங்களை ஒட்சியேற்றி அழிக்கின்றன, இரும்போ ஏற்கெனவே ஒட்சியேறித்தான் இருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது வேறு. ஈரமாக இருக்கும்போது தேய்க்காதீர்கள், தேய்த்தால் களி இன்னும் உள்ளே போகும். நன்றாகக் காயவிட்டு, உதறி, தூரிகையால் தட்டி எடுக்கக்கூடியதை எல்லாம் எடுத்துவிட வேண்டும். பிறகு துணியின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் பாயும்படி பிடித்து அலச வேண்டும். அதன் பிறகுதான் சவர்க்காரம். மங்கலாக மிஞ்சுகிற சிவப்புக்குத் தேசிக்காய்ச் சாறு பூசிக் கொஞ்ச நேரம் விட்டுத் தோய்க்கலாம். அதிலுள்ள சித்திரிக்கு அமிலம் இரும்பைப் பற்றிப் பிடித்துக் கரைக்கும். நிறத்துணி என்றால் ஓரத்தில் சிறிது பூசிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

வீட்டுத் தூசியில் மண் ஒரு பங்குதான். துணியிழை, உதிர்ந்த தோல், அடுப்புக்கரி, மகரந்தம் எல்லாம் அதில் கலந்திருக்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கால் கழுவி உள்ளே வருகிற வழக்கம் மண்ணின் பங்கைப் பெருமளவு குறைத்துவிடுகிறது. கால் கழுவுவதற்கு உடல்நலக் காரணமும் உண்டு. ஏற்புவலிக் கிருமியின் வித்திகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும், காயத்துக்குள் போனால் ஆபத்து, ஆழமான காயத்தில் இன்னும் அதிகம். ஆணி ஏறினால் ஏற்பு ஊசி போடச் சொல்வது துருவுக்காக அல்ல, இந்த வித்திகளுக்காக. கொழுக்கிப் புழுவின் குடம்பிகள் ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாக உள்ளே நுழையும். அதே மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவிலிருந்துதான் 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின் எடுத்தார்கள். சயரோகத்துக்குக் கிடைத்த முதல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அது.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: இடம்பெயர்ந்த மண்ணைத் திரும்ப மண்ணாக்க முடியுமா? வீடு கட்டுகிறவர்கள் வளவை உயர்த்த லொறியில் செம்மண் பறிப்பார்கள். மூன்றாம் நாளே அதில் ரோசாக் கன்று நட்டுவிட்டு, ஏன் கருகுகிறது என்று யோசிப்பார்கள். லொறியில் வந்தது செம்பாட்டின் பொருள் மட்டும். வெட்டியபோதும் கொட்டியபோதும் அதன் கட்டிகள் உடைந்துவிட்டன, மேல்மண்ணும் கீழ்மண்ணும் தலைகீழாகிவிட்டன, உழவு இயந்திரமோ லொறியோ மேலே ஏறி இறங்கியிருந்தால் துளைகளும் அடைபட்டுவிட்டன. முதல் மழைக்கு மேற்பரப்பு பாளம் கட்டி இறுகும்.

அதைத் திரும்ப உயிர்ப்பிக்கிற வழியை யாழ்ப்பாணத்து விவசாயிகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். கல்லை உடைத்து அப்புறப்படுத்தி, மண் பரப்பித் தோட்டமாக்கிய காணிகள் இங்கே எத்தனையோ. ஆடுமாடு பட்டி அடைத்தார்கள். மாட்டெரு போட்டார்கள். பூவரசு, சீமைக்கிளுவை, வேம்பு என்று வேலியில் நின்றதெல்லாம் வெட்டிக் குழை தாட்டார்கள். கூரையிலும் வேலியிலும் பழுதாய்ப்போன பனை ஓலையைக்கூட வீணாக்காமல் நிலத்துக்குள் புதைத்தார்கள். இவை பயிருக்குச் சாப்பாடு என்று மட்டும் நினைக்கக் கூடாது. முதலில் சாப்பிடுவது மண்ணிலுள்ள உயிர்கள், அவை சாப்பிட்டு விடுகிற பசைதான் கட்டிகளைத் திரும்பக் கட்டுகிறது. வெப்பமான நிலத்தில் உக்கல் கெதியாக எரிந்து போய்விடும் என்பதால் இது ஒருமுறை செய்து முடிக்கிற வேலை அல்ல, போகத்துக்குப் போகம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 2021-ல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாக நிறுத்தியது. நாடு முழுக்க விளைச்சல் விழுந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் தடையைத் தளர்த்த வேண்டி வந்தது. சேதனப் பசளை கெட்டது என்பதற்கு அது சாட்சியல்ல. ஆண்டுக்கணக்கில் கட்டவேண்டியதை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் கட்டிவிடலாம் என்று நினைத்ததுதான் பிழை என்பேன்.

இதுவரை மண் எப்போது ஊத்தையாகிறது என்று பார்த்தோம். மண்ணுக்குள்ளே ஊத்தை சேர்வது வேறு விடயம், அதைத் தோய்த்து எடுக்க வழியில்லை. சுன்னாகம் சுற்றுவட்டாரக் கிணறுகளில் மின்நிலையக் கழிவு எண்ணெய் மிதந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2019 ஏப்ரலில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பானது. எண்ணெயாவது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும். நைத்திரேற்று என்ற நைதரசன் உப்பு தெரியாது. அளவுக்கு மிஞ்சிப் போடுகிற யூரியாவும், மலசலகூடக் குழிகளிலிருந்து கசிவதும் மண்ணில் நைத்திரேற்றாக மாறும். களித் துணிக்கைக்கும் மறையேற்றம், நைத்திரேற்றுக்கும் மறையேற்றம், ஒரே வகை ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும், எனவே மண் அதைப் பிடித்துவைக்காது. தண்ணீரைத் தேங்கவிடாத செம்பாட்டின் நல்ல குணமே இங்கே எதிரியாகிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையோடு அது நேரே சுண்ணக்கல் வெடிப்புக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிடும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதைத் தாண்டிய கிணறுகள் வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளில் ஆய்வுகளில் அகப்பட்டிருக்கின்றன.

மிகவும் கவனமாக இருக்க வேண்டியது ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைகளுக்குப் பால்மா கரைக்கும் வீடுகள். அவர்களின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றலை நைத்திரேற்று குறைத்துவிடும், உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். துணி வடியும் உதவாது. தோட்டம் சூழ்ந்த வளவில் கிணறு இருந்தால், மாரி முடிந்த கையோடு ஒரு போத்தல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, அளவு கூடியிருந்தால் குழந்தைக்கு மட்டுமாவது வேறு தண்ணீர் எடுக்க வேண்டும்.